திரை இருக்கு... ஆனா இல்ல!

ஒரு செமினார் ஹால். காலை பத்து மணிக்கு சிம்போசியம் ஆரம்பம். குத்துவிளக்கு ரெடி. சீஃப் கெஸ்ட் கார் கேட்டுக்குள் நுழைஞ்சாச்சு. புரொஜக்டர் திரை மட்டும் கன்னங்கரேல்!

“வயர் லூஸா இருக்கு சார். கனெக்டரை மாத்தணும்” என்கிறார் லேப் அசிஸ்டென்ட் அண்ணன். ஆனால், மேடையில் இருக்கும் லேப்டாப் வேறு கதை சொல்கிறது. ‘புரொஜக்டர் கனெக்டட். எல்லாம் ஓ.கே.’ என்று பெரிய எழுத்தில் மின்னுகிறது. அது ஒரு மூன்றாம் ஆண்டு மாணவர் எழுதிய ஸ்கிரிப்ட். ஹெச்.ஓ.டி. அதைப் பார்க்கிறார், அண்ணனைப் பார்க்கிறார். “கம்ப்யூட்டரே கனெக்டட்னு சொல்லுது. நீங்க வயர் மேல பழியைப் போடறீங்களா? காலையிலயே செக் பண்ண வேண்டியதுதானே!”

அண்ணன் பதில் பேசவில்லை. கால் மணி நேரம் கழித்து யாரோ வயரை அழுத்திப் பிடிக்க, படம் வந்தது. நிகழ்ச்சி நடந்தது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். ரெண்டு பேர் மட்டும் மறக்கவில்லை. திட்டு வாங்கிய அண்ணன். ஸ்கிரிப்ட் எழுதிய அந்தப் பையன்.

பையன் எனக்குத் தெரிந்தவர்தான். “காலேஜ் பேர் வேண்டாம், என் பேரும் வேண்டாம். மேட்டரை மட்டும் எழுதுங்க” என்று அனுமதி கொடுத்திருக்கிறார். ஏன்னா, அவர் செஞ்ச தப்பு ரொம்பச் சின்னது. நீங்களும் நானும் நாளைக்கே செய்யக்கூடியது. அதனால இந்த வாரம் இதுதான் சமாச்சாரம். நம்ம ஸ்கிரிப்ட்டுக்குள் இருந்து வேறொரு கமாண்டைக் கூப்பிட்டு, ‘திரை நிலவரம் என்ன?’ என்று கேட்பது எப்படி? அது சொல்லும் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம்?

தம்பியைக் கடைக்கு அனுப்புங்க!

லினக்ஸில் எக்ஸ் விண்டோ சிஸ்டம் ஓடும் மெஷினில், திரைகளைப் பற்றிச் சொல்ல ஒரு கமாண்ட் இருக்கிறது. பெயர் எக்ஸ்ரேண்டர். எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்று ஆறு எழுத்து. ‘ரீசைஸ் அண்ட் ரொட்டேட்’ என்பதன் சுருக்கம். கீத் பேக்கர்டும் ஜிம் கெட்டிஸும் இந்த வசதியை 2001-ல் வடிவமைத்தார்கள். ஒரே மெஷினில் பல திரைகளைத் தனித்தனியாக ஆட்டுவிக்கும் வசதி 2007-ல் வந்த 1.2 பதிப்பில் சேர்ந்தது.

டெர்மினலில் நீங்களே அதை டைப் செய்தால் பதில் கண்ணுக்குத் தெரியும். ஆனால், ஸ்கிரிப்ட் அதைக் கேட்கணும் என்றால்? வீட்டில் தம்பியைக் கடைக்கு அனுப்புகிற மாதிரி நினைச்சுக்குங்க. அவன் திரும்பி வந்ததும் மூணு விஷயம் கவனிப்பீங்க இல்லையா? போன வேலை முடிஞ்சுதா? பையில் என்ன கொண்டுவந்தான்? ஏதாவது புகார் சொல்றானா?

கமாண்டும் அப்படியே மூணு விஷயத்தோடதான் திரும்பும். முதலாவது ரிட்டர்ன் கோட். பூஜ்ஜியம் என்றால் வேலை முடிந்தது, வேறு எண் என்றால் ஏதோ கோளாறு. ரெண்டாவது ஸ்டாண்டர்ட் அவுட்புட், பையில் இருக்கும் சாமான். மூணாவது ஸ்டாண்டர்ட் எரர், புகார்ப் பெட்டி. இந்த மூணும் தனித்தனி என்பதைப் புரிந்துகொண்டாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு!

பைத்தானில் புதுசா எழுதுகிறவர்கள் முதலில் பிடிப்பது ‘ஓஎஸ் டாட் சிஸ்டம்’. அது என்ன செய்யும் தெரியுமா? தம்பியை அனுப்பும், ஆனால் பையை உங்கள் கையில் கொடுக்காது. சாமானைத் தெருவிலேயே கொட்டிவிட்டு, ‘போயிட்டு வந்துட்டேன்’ என்று மட்டும் சொல்லும். பதில் திரையில் ஓடும். உங்க வேரியபிளில் பார்த்தால் வெறும் பூஜ்ஜியம். ‘என்னடா இது, எக்ஸ்ரேண்டர் பூஜ்ஜியம்னு பதில் சொல்லுது’ என்று குழம்பி உட்கார்ந்த ஆட்கள் நிறைய. அது ரிட்டர்ன் கோட், பாஸ்!

இதற்குச் சரியான கருவி ‘சப்பிராசஸ்’ மாட்யூல். 2004-ல் பைத்தான் 2.4-ல் வந்தது. அதில் உள்ள ‘ரன்’ ஃபங்ஷன் 2015-ல் 3.5-ல் சேர்ந்தது. அதற்கு நாலு விஷயம் சொல்லணும். ஒண்ணு, எந்தக் கமாண்ட் என்பதை லிஸ்ட்டாகக் கொடுங்க. ரெண்டு, ‘கேப்ச்சர் அவுட்புட்’டை ட்ரூ ஆக்குங்க, பை உங்கள் கைக்கு வரும். மூணு, ‘டெக்ஸ்ட்’டை ட்ரூ ஆக்குங்க, பைட்டுகளுக்குப் பதிலாகப் படிக்கிற மாதிரி எழுத்து வரும். (இந்த ரெண்டு பெயரும் 2018-ல் வந்த 3.7-லிருந்துதான்.) நாலு, ‘டைம் அவுட்’ ஐந்து விநாடி என்று வையுங்க. கடைக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டால் நாமும் வாசலில் தவம் கிடக்கக் கூடாது.

பிரிச்சுப் படிங்க!

சரி, பை வந்தாச்சு. உள்ளே என்ன? எக்ஸ்ரேண்டர் பதிலின் முதல் வரி மொத்தத் திரைப் பரப்பைச் சொல்லும். குறைந்தபட்சம், இப்போது, அதிகபட்சம் என்று மூணு அளவு இருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு வரி. லேப்டாப்பின் சொந்தத் திரை பெரும்பாலும் ‘இடிபி-1’ என்கிற மாதிரிப் பெயரில் வரும். புரொஜக்டர் மாட்டும் இடம் ‘ஹெச்டிஎம்ஐ-1’ என்கிற மாதிரி. பெயர்கள் டிரைவருக்கு டிரைவர் மாறும். அதனால் பெயரை ஸ்கிரிப்ட்டுக்குள் ஆணி அடிச்சு வைக்காதீங்க.

போர்ட் பெயருக்கு அடுத்த சொல்தான் உயிர்நாடி. ‘கனெக்டட்’ அல்லது ‘டிஸ்கனெக்டட்’.

இணைந்த போர்ட்டுக்குக் கீழே, அந்தத் திரையால் முடிந்த அளவுகளின் பட்டியல் வரும். 1920 × 1080, 1280 × 800, 1024 × 768 என்று. பக்கத்தில் எத்தனை ஹெர்ட்ஸ் என்ற எண். அதன் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், இப்போது ஓடுவது அதுதான். கூட்டல் குறி இருந்தால், அந்தத் திரைக்குப் பிடித்த அளவு அது. ‘பிடித்த அளவு’ எப்படித் தெரிந்தது? மானிட்டரும் புரொஜக்டரும் தன்னைப் பற்றி ஒரு குட்டி பயோடேட்டா வைத்திருக்கும். பெயர் இடிஐடி. அதன் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். அதைத்தான் வயர் வழியாக மெஷின் வாங்கிப் படிக்கிறது.

இப்போ நம்ம பையனின் தப்புக்கு வருவோம். அவர் எழுதிய சோதனை இதுதான். ‘ஹெச்டிஎம்ஐ என்று ஆரம்பிக்கும் வரிக்குள் கனெக்டட் என்ற சொல் இருக்கிறதா? இருந்தால், புரொஜக்டர் இருக்கு.’

படிக்கும்போது சரியாத்தானே தெரியுது? இன்னொரு தடவை மெதுவாகப் படிங்க. ‘டிஸ்கனெக்டட்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘கனெக்டட்’ உட்கார்ந்திருக்கிறது! வயர் இருந்தாலும் ‘இருக்கு’, இல்லாவிட்டாலும் ‘இருக்கு’. அந்த ஸ்கிரிப்ட்டுக்கு ‘இல்லை’ என்று சொல்லவே தெரியாது.

ஷெல்லில் எழுதுகிறவர்கள் சிரிக்க வேண்டாம். எக்ஸ்ரேண்டர் பதிலைப் பைப் வழியாக ‘கிரெப் கனெக்டட்’டுக்கு அனுப்பினாலும் இதே கதைதான். ரெண்டு வகை வரியும் வந்து நிற்கும். கிரெப்புக்கு ‘மைனஸ் டபிள்யூ’ கொடுத்தால் முழுச் சொல்லாக மட்டும் தேடும், தப்பிக்கலாம். பைத்தானில் இன்னும் சுலபம். வரியை இடைவெளி இடைவெளியாக வெட்டுங்க. ரெண்டாவது சொல் ‘கனெக்டட்’டுக்குச் சமமா என்று பாருங்க. ‘உள்ளே இருக்கா?’ வேறு, ‘சமமா?’ வேறு. இந்த வித்தியாசம்தான் அன்னிக்கு ஒரு மனுஷனைத் திட்டு வாங்க வைத்தது.

பூஜ்ஜியமும் பொய் சொல்லும்!

“சரி, டெஸ்ட் தப்பு. ஆனா அதுக்கப்புறம் புரொஜக்டரை ஆன் பண்ணும் கமாண்ட் ஓடியிருக்குமே? அது எரர் அடிச்சிருக்கணுமே?” என்று நானும் கேட்டேன். அவர் முகம் இன்னும் வாடியது.

அவர் ஸ்கிரிப்ட் ‘ஹெச்டிஎம்ஐ-1-ஐ ஆட்டோ முறையில் போடு’ என்று எக்ஸ்ரேண்டரிடம் சொல்லியிருக்கிறது. ஆட்டோ என்பதற்கு அதன் மேனுவலில் ரெண்டு அர்த்தம். வயர் மாட்டியிருந்து திரை அணைந்திருந்தால், பிடித்த அளவில் ஆன் செய். வயரே இல்லாவிட்டால் அந்த போர்ட்டை ஆஃப் செய்! வயர் இல்லை என்று எக்ஸ்ரேண்டருக்குத் தெரியும். அதனால் ஒழுங்காக ஆஃப் செய்தது. சொன்ன வேலையைச் செய்தாச்சு, எனவே ரிட்டர்ன் கோட் பூஜ்ஜியம். பூஜ்ஜியம் என்றால் வெற்றி. ‘எல்லாம் ஓ.கே.’

பார்த்தீங்களா? பூஜ்ஜியம் என்பது ‘நீ சொன்னதைச் செஞ்சுட்டேன்’ என்று மட்டும்தான் சொல்கிறது. ‘நீ நினைச்சது நடந்துச்சு’ என்று சொல்லவில்லை. அதனால் திரையை மாற்றும் கமாண்ட் எதை ஓட்டினாலும், ஓட்டி முடித்ததும் திரும்ப ஒரு தடவை நிலவரம் கேளுங்க. அந்த போர்ட்டுக்குக் கீழே நட்சத்திரக் குறி வந்திருக்கிறதா? வந்திருந்தால் மட்டும் ‘படம் அனுப்புகிறேன்’ என்று சொல்லுங்க.

இன்னொரு சூட்சுமம். போர்ட் ‘கனெக்டட்’ ஆக இருந்தும் படம் போகாமல் இருக்கலாம். அப்போது ‘கனெக்டட்’டுக்கு அடுத்து அளவும் இருக்காது, கீழே நட்சத்திரமும் இருக்காது. ஆக நிலைமை ரெண்டு இல்லை, மூணு. வயரே தெரியவில்லை. வயர் தெரிகிறது, படம் போகவில்லை. வயர் தெரிகிறது, படமும் போகிறது. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. முதலாவதுக்கு வயரைப் பிடிக்கணும். ரெண்டாவதுக்கு ஆட்டோ கமாண்ட் போதும். மூணாவதிலும் திரை கறுப்பு என்றால் புரொஜக்டரின் ரிமோட்டைத் தேடணும். இன்புட் வேற போர்ட்டில் இருக்கலாம், விளக்கே எரியாமல் இருக்கலாம். அது எக்ஸ்ரேண்டருக்குத் தெரியவே தெரியாது. அதன் கண் வயரின் அந்த முனை வரைக்கும்தான்.

அளவைப் பிரித்தெடுக்கும்போதும் கவனம். ‘மூணாவது சொல்தான் அளவு’ என்று எண்ணி எடுக்காதீங்க. முதன்மைத் திரையாக இருந்தால் நடுவில் ‘பிரைமரி’ என்ற சொல் வந்து நுழையும், எண்ணிக்கை ஒன்று தள்ளிப்போகும். எண், பெருக்கல் குறி மாதிரி ஒரு எழுத்து, மறுபடி எண் என்ற அமைப்பைத் தேடுங்க. ரெகுலர் எக்ஸ்பிரஷன் அதுக்குத்தானே இருக்கு!

என் மெஷின்ல ஓடுதே!

இந்த வசனத்தைச் சொல்லாத புரோகிராமர் உலகத்தில் இல்லை. திரையைக் கேட்கும் ஸ்கிரிப்ட் உங்க மெஷினில் ஓடி, வேற இடத்தில் காலை வாருவதற்குச் சில நிரந்தரக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம், எங்கிருந்து ஓடுகிறது என்பது. டெர்மினலில் ஓட்டினால் ‘டிஸ்ப்ளே’ என்ற என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கும். எந்தத் திரையிடம் போய்ப் பேசணும் என்ற முகவரி அது. தினமும் காலை எட்டு மணிக்கு ஓடட்டும் என்று கிரானில் போட்டால் அந்த முகவரி கூட வராது. ‘டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை’ என்ற புகார் ஸ்டாண்டர்ட் எரரில் வந்து விழும். நீங்கள் பையை மட்டும் பார்க்கிற ஆளாக இருந்தால், பை காலி. ‘புரொஜக்டர் இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவீங்க. ‘இல்லை’ வேறு, ‘கேட்கவே முடியவில்லை’ வேறு. ரிட்டர்ன் கோடையும் புகார்ப் பெட்டியையும் பார்க்காத ஸ்கிரிப்ட்டுக்கு இந்த வித்தியாசம் புரியாது.

ரெண்டாவது காரணம், வேலேண்ட். ஃபெடோரா 2016-லும், உபுண்டு 2021-ன் 21.04 பதிப்பிலும் இதை வழக்கமான தேர்வாக்கின. இங்கே எக்ஸ்ரேண்டர் பேசுவது நிஜத் திரையோடு இல்லை, பழைய புரோகிராம்களுக்காக நடுவில் ஓடும் எக்ஸ்வேலேண்டோடு. அது சொல்லும் அளவு பிரதிபலிப்புதான். அதை வைத்து நிஜத் திரையை மாற்ற முடியாது. ஸ்கிரிப்ட்டின் முதல் வேலையாக ‘எக்ஸ்டிஜி செஷன் டைப்’ என்ற வேரியபிளைப் பாருங்க. வேலேண்ட் என்று இருந்தால், ‘இங்கே எனக்கு வேலை இல்லை’ என்று நேர்மையாகச் சொல்லி ஒதுங்கட்டும்.

மூணாவது, விண்டோஸ். திரையை 125 சதவீதம் பெரிதாக்கி வைத்திருப்பது லேப்டாப்களில் சகஜம். அதைக் கணக்கில் எடுக்காத புரோகிராம் அளவைக் கேட்டால், 1920 × 1080 திரையை 1536 × 864 என்று சொல்லும். விண்டோஸ் பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். அதேபோல, பழைய ஸ்கிரிப்ட்டுகளில் ‘டபிள்யூமிக்’ கமாண்ட் இருந்தால் மாற்றிவிடுங்க. 2021-லேயே மைக்ரோசாஃப்ட் அதை ‘காலாவதி’ பட்டியலில் சேர்த்துவிட்டது. பவர்ஷெல் வழி போங்க. மேக் வைத்திருப்பவர்களுக்கு ‘சிஸ்டம் புரொஃபைலர்’ கமாண்ட் உண்டு. 2019-ல் வந்த கேட்டலினாவிலிருந்து பதிலை ஜேசன் வடிவத்திலேயே கேட்டு வாங்கலாம். மனுஷன் படிக்க எழுதியதைப் பிய்த்துப் பார்ப்பதைவிட, மெஷின் படிக்க எழுதியதை வாங்குவது எப்பவும் உத்தமம்.

லினக்ஸிலும் ஒரு குறுக்குவழி இருக்கு. ‘சிஸ்’ டைரக்டரிக்குள் ‘கிளாஸ்’, அதற்குள் ‘டிஆர்எம்’. அங்கே ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு ஃபோல்டர், அதில் ‘ஸ்டேட்டஸ்’ என்று ஒரு ஃபைல். கெர்னல் தன் கைப்பட எழுதும் பதில் ஒரே சொல்லில் இருக்கும். வயர் மாட்டியிருக்கா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால், வெளிக் கமாண்டே வேண்டாம். ஃபைலைத் திறந்து படிச்சுட்டுப் போயிட்டே இருங்க!

சீட்டில் எதை எழுதினாலும்...

ஒரு எச்சரிக்கை. சப்பிராசஸில் ‘ஷெல்’லை ட்ரூ ஆக்கும் வசதி உண்டு. கமாண்டை ஒரே நீள வாக்கியமாக எழுதலாம், பைப் போடலாம், சுகமா இருக்கும். ஆனால், அப்படிச் செய்வது மளிகைச் சீட்டை எவர் கையிலும் கொடுத்து ‘நீயும் ஏதாவது எழுதிக்கோ’ என்பது மாதிரி. எந்த போர்ட் என்று பயன்படுத்துகிறவரிடம் கேட்டு, அவர் டைப் செய்ததை அப்படியே அந்த வாக்கியத்தில் ஒட்டினீங்கன்னு வைங்க. ஒரு குறும்புக்கார ஜூனியர் ‘ஹெச்டிஎம்ஐ-1’ என்று அடித்து, ஒரு அரைப்புள்ளி வைத்து, அதற்குப் பின்னால் ஹோம் டைரக்டரியை அழிக்கும் கமாண்டை எழுதினால்? ஷெல் ரெண்டையும் வரிசையாகச் செய்து முடிக்கும், பிராஜெக்ட் ரிப்போர்ட் உட்பட எல்லாம் காலி. லிஸ்ட்டாகக் கொடுத்தால் அந்த மொத்த எழுத்தும் ஒரு போர்ட்டின் பெயராகத்தான் போகும். ‘அப்படி ஒரு போர்ட் இல்லையே’ என்ற முனகலோடு முடிந்துவிடும்.

வயரைக் கழட்டிப் பாருங்க!

கடைசியாக அந்தப் பையனிடம் ஒரு கேள்வி கேட்டேன். “டெஸ்ட் பண்ணவே இல்லையா?”

“ரெண்டு வாரம் பண்ணினேன். தினமும் ஓடுச்சு. ஆனா, எப்பவும் வயரை மாட்டிட்டுத்தான் பண்ணினேன். கழட்டிட்டு ஒரு தடவைகூட ஓட்டலை.”

இதுதான் விஷயம். நாம் எழுதியது ‘ஆமாம்’ சொல்வதைப் பார்க்க நமக்கு ஆசை. அது ‘இல்லை’ என்று சொல்கிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றாது. இதற்குப் புரொஜக்டர்கூடத் தேவையில்லை. எக்ஸ்ரேண்டரின் பதிலை மூணு நிலையில் மூணு டெக்ஸ்ட் ஃபைலில் சேமித்துக்கொள்ளுங்க. வயர் இல்லாதபோது ஒண்ணு, மாட்டியும் படம் போகாதபோது ஒண்ணு, படம் ஓடும்போது ஒண்ணு. பதிலைப் பிரிக்கும் ஃபங்ஷனைத் தனியாக எழுதி, மூணையும் அதற்கு ஊட்டிப் பாருங்க. மூணுக்கும் மூணு வேற பதில் வரணும். ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்தே செய்துவிடலாம், அரை மணி நேர வேலை.

அவர் செய்துவிட்டார். ஸ்கிரிப்ட்டின் வசனத்தையும் மாற்றிவிட்டார். ‘எல்லாம் ஓ.கே.’ என்ற பந்தா வரி போயே போச்சு. இப்போது அது சொல்வது: ‘ஹெச்டிஎம்ஐ-1-ல் இணைப்பு தெரியவில்லை. வயரைப் பாருங்கள்.’ அல்லது, ‘படம் அனுப்புகிறேன். திரையில் வராவிட்டால் புரொஜக்டரைப் பாருங்கள்.’ தனக்குத் தெரிந்தது எதுவரைக்கும் என்று அதுவே சொல்லிவிடுகிறது.

அதோடு, சரி செய்த ஸ்கிரிப்ட்டை எடுத்துக்கொண்டு நேரா லேப் அண்ணனிடம் போயிருக்கிறார். “அண்ணே, அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி. தப்பு என் புரோகிராம்ல. ஹெச்.ஓ.டி. சார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

அண்ணன் வயரைக் கழட்டினார். ஸ்கிரிப்ட் ‘இணைப்பு தெரியவில்லை’ என்றது. மாட்டினார், ‘படம் அனுப்புகிறேன்’ என்றது. மறுபடி கழட்டினார், மறுபடி மாட்டினார். நாலு தடவை ஆனதும் சிரித்துவிட்டாராம்.

“பரவால்ல தம்பி. இப்பதான் உன் மெஷினும் நானும் ஒரே பேச்சுப் பேசறோம்.”

உங்க லேப்டாப்பில் ‘எல்லாம் ஓ.கே.’ என்று சொல்லும் ஸ்கிரிப்ட் எத்தனை இருக்கு? இன்னிக்கு ராத்திரி ஒண்ணே ஒண்ணை எடுங்க. அதன் வயரைக் கழட்டிவிட்டு ஓட்டிப் பாருங்க. என்ன சொல்லுதுன்னு கவனிங்க ஃப்ரெண்ட்ஸ்!